ஓடும் கணினிக்குள் இன்னொரு பிராசசர்

கோடை பிறந்துவிட்டால் வத்தலக்குண்டுப் பாதையிலும் பழனிப் பாதையிலும் கொடைக்கானலை நோக்கி வண்டிகள் வரிசை கட்டி ஏறும். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்தில் நெரிசல் உச்சத்துக்குப் போகும். இதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம், 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் எண்ணிக்கைக்கே எல்லை வைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள். விண்ணப்பங்களைப் பெறுவது தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இணையதளம்.

எல்லை என்று வந்துவிட்டால் முந்துகிறவருக்குத்தான் இடம். விடுமுறை அறிவித்த அன்று மாலை மதுரை, கோவை, சென்னை, கொச்சி என எல்லா ஊரிலிருந்தும் ஒரே நேரத்தில் செல்பேசிகள் அந்தத் தளத்தைத் தட்டும். ரயில் முன்பதிவு, தேர்வு முடிவு, கலந்தாய்வு என்று தமிழ்நாட்டுக்குப் பழக்கமான இணைய நெரிசல்கள் எல்லாமே இந்த வகைதான்: பல வாரம் சும்மா இருக்கும் சர்வர், சில மணி நேரம் மட்டும் மூச்சுத் திணறும். அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் கூடுதல் பிராசசர் கிடைத்தால் போதும். ஆனால் சர்வரை நிறுத்திவிட்டு அதைச் சேர்க்க முடியாது. நிறுத்தினால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் வெளியே விழுவார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள் இன்னொரு பிராசசரைச் சேர்ப்பது எப்படி? இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறியாளர்கள் விடாமல் செதுக்கிவரும் வேலை இது. அதில் ஒரு முக்கியப் பகுதி பெங்களூரில் நடந்தது.

இன்றைய டேட்டா சென்டர்களில் ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன்னிடம் தனிப் பிராசசர், தனி நினைவகம், தனி டிஸ்க் இருப்பதாகவே நம்புகிறது. அந்த நம்பிக்கையை உருவாக்கும் மென்பொருள்களில் பரவலாகப் பயன்படுவது கியூஎமு. பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் 2007-இல் சேர்ந்த கேவிஎம் அதற்குத் தோள் கொடுக்கிறது. மெய்நிகர் கணினியின் கட்டளைகளை நிஜப் பிராசசரிலேயே நேரடியாக ஓடவிடுவது கேவிஎம்; அந்தக் கணினிக்கு மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பதுபோல் காட்டுவது கியூஎமு. இரண்டுமே திறமூல மென்பொருள். யாரும் இறக்கிப் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம்.

மெய்நிகர் பிராசசர் என்பது உண்மையில் ஒரு சாதாரண திரெட். மெய்நிகர் கணினியைத் தாங்கும் தாய்க் கணினியின் கண்ணுக்கு அது இன்னொரு நிரல், அவ்வளவுதான். அப்படியானால் ஒன்றைக் கூடுதலாக உருவாக்குவதில் என்ன கஷ்டம்? உருவாக்குவதில் கஷ்டமே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று உள்ளே ஓடும் இயங்குதளத்துக்குச் சொல்வதில்தான் கஷ்டம் எல்லாம்.

பிராசசர்களுக்கு முகவரி உண்டு. மதர்போர்டில் சிப் பொருந்தும் இடம் சாக்கெட். ஒரு சிப்புக்குள் பல கோர்கள். பல சிப்புகளில் ஒவ்வொரு கோருக்குள்ளும் இரண்டு வன்பொருள் திரெட்கள். எந்தத் திரெட் எந்தக் கோரில், எந்தக் கோர் எந்த சாக்கெட்டில் என்ற இந்த வரைபடத்தைத்தான் டோப்பாலஜி என்கிறார்கள். மேல்மலையில் மன்னவனூரும் பூம்பாறையும் ஒரே சாலையில் இருக்கின்றன. கீழ்மலைத் தாண்டிக்குடிக்கு அங்கிருந்து போக வேண்டுமானால் கொடைக்கானலுக்கு வந்து, பெருமாள்மலை இறங்கி, பண்ணைக்காட்டைத் தொட்டுத்தான் போக வேண்டும். மூன்றும் பழனி மலை ஊர்கள்தான், ஆனால் தூரம் ஒன்றல்ல. பிராசசர்களுக்கு இடையிலும் அப்படித்தான். ஒரே கோரின் இரண்டு திரெட்கள் மிக நெருக்கமான கேஷ் நினைவகத்தைப் பகிர்கின்றன. அங்கே ஒரு தகவலை எடுக்க நாலைந்து கடிகாரத் துடிப்பு போதும். ஒரே சாக்கெட்டின் கோர்கள் பகிரும் பெரிய கேஷுக்குப் பல பத்துத் துடிப்புகள். அங்கும் இல்லாமல் முதன்மை நினைவகத்துக்குப் போனால் நூற்றுக்கணக்கில். அதுவும் அடுத்த சாக்கெட்டோடு ஒட்டிய நினைவகமானால் இன்னும் தாமதம்.

இது எங்கே கடிக்கும் என்பதற்குக் கொடைக்கானலிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம், 2,343 மீட்டர் உயரத்தில் நின்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறது. ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது இங்கேதான். கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் சேர்ந்த அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்மயமாக்கியது. ஒவ்வொரு படமும் பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்ட சதுரம், புள்ளிக்கு 16 பிட். கணக்குப் போட்டால் ஒரு படத்துக்கு மூன்றேகால் கோடி பைட்டுக்கு மேல் வரும்.

இப்படி ஒரு படத்தை இரண்டு நிரல்கள் சேர்ந்து அலசுகின்றன என்று வைத்துக்கொள்வோம்: ஒன்று சூரிய வட்டத்தின் விளிம்பைத் தேடுகிறது, மற்றொன்று சூரியப் புள்ளிகளை எண்ணுகிறது. இரண்டும் ஒரே சாக்கெட்டில் ஓடினால் ஒன்று கொண்டுவந்த தகவலை மற்றது கேஷிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெவ்வேறு சாக்கெட்டில் ஓடினால் அதே தகவல் இணைப்புப் பாதை வழியாக அலைய வேண்டும். ஒரே கோரின் இரு திரெட்களில் போட்டாலும் வேறொரு சிக்கல்: கூட்டல் பெருக்கல் செய்யும் உறுப்புகள் அங்கே ஒரே தொகுதிதான், ஆகவே கணக்கு மிகுந்த வேலை இரட்டிப்பு வேகம் பெறாது. எந்த நிரலை எங்கே ஓடவிடுவது என்று முடிவு செய்வது இயங்குதளத்தின் ஷெட்யூலர். அது நம்பியிருப்பது டோப்பாலஜி வரைபடத்தை மட்டுமே. மெய்நிகர் கணினியில் அந்த வரைபடத்தைக் கையால் எழுதித் தருவது கியூஎமு. தவறாக எழுதினால் ஷெட்யூலர் அந்தத் தவற்றை முழு மனதோடு கடைப்பிடிக்கும்.

தவறான வரைபடத்தின் விளைவைப் பலர் விண்டோஸில் நேரில் பார்த்திருக்கிறார்கள். விண்டோஸ் 10-இன் ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டை மட்டும் ஏற்கும், புரோ பதிப்பு இரண்டை. கியூஎமுவில் எட்டுப் பிராசசர் என்று மட்டும் சொல்லி வேறு விவரம் தராமல் விட்டால், பழைய வழக்கப்படி அது எட்டு சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு கோர் என்று எழுதிவிடும். எட்டு கேட்டவருக்குப் புரோ பதிப்பில் இரண்டுதான் தெரியும். ஆறு பிராசசர்கள் உரிம விதியில் சிக்கிச் சும்மா கிடக்கும். இன்றைய நிஜச் சிப்புகளில் கோர்கள் ஏராளம், சாக்கெட்கள் கொஞ்சம். அதனால் 2021 டிசம்பரில் வந்த 6.2 பதிப்பு முதல், விவரம் இல்லாவிட்டால் ஒரே சாக்கெட்டில் பல கோர் என்று எழுதும்படி மாற்றினார்கள். சின்னத் திருத்தம்தான். ஆனால் பழைய மெய்நிகர் கணினிகள் அதனால் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக, பழைய இயந்திர வகைகளுக்குப் பழைய விதியே தொடரும்படி கவனமாக விட்டுவைத்தார்கள். ஒரு சர்வரை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஓடும் நிலையிலேயே மாற்றும்போது, இரு பக்கமும் வரைபடம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாக வேண்டும்.

இன்னொரு நிகழ்வு இதைவிட நுட்பமானது. 2016 வரை கியூஎமு தன் மெய்நிகர் கணினிகளுக்கு மூன்றாம் நிலைக் கேஷ், அதாவது ஒரே சாக்கெட்டின் கோர்கள் பகிரும் பெரிய கேஷ் பற்றிய விவரமே தரவில்லை. உள்ளே ஓடும் லினக்ஸ், தன் பிராசசர்கள் எதையும் பகிரவில்லை என்று எண்ணிக்கொண்டது. ஒரு நிரலை இன்னொரு பிராசசரில் எழுப்ப வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அதற்கு இன்டரப்ட் என்ற குறுக்கீட்டுச் சமிக்ஞையை அனுப்பியது. நிஜக் கணினியில் இது சிறு செலவு. மெய்நிகர் கணினியிலோ அப்படி ஒவ்வொரு இன்டரப்டும் கேவிஎம் வரை வெளியே வந்து திரும்ப வேண்டியிருந்தது. பகிரப்பட்ட கேஷ் ஒன்று இருப்பதாக விவரம் சேர்த்ததும் அந்த இன்டரப்ட்கள் வெகுவாகக் குறைந்தன. பிராசசர் மாறவில்லை, வேகம் மாறவில்லை. வரைபடத்தில் ஒரு வரி கூடியது.

வரைபடம் இவ்வளவு கனமானது என்பது புரிந்தால், ஓடும்போதே பிராசசரைச் சேர்க்கும் ஹாட்பிளக்கின் சிக்கலும் புரியும். இயங்குதளம் துவங்கும்போதே தன் பிராசசர்களின் பட்டியலை ஒருமுறை படித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனி இடம் ஒதுக்குகிறது, கணக்குப் புத்தகம் திறக்கிறது. பிறகு திடீரென்று பட்டியலில் இல்லாத ஒன்று வந்து நின்றால் அதை வைக்க இடம் இருக்காது. அதனால் கியூஎமு தொடக்கத்திலேயே இரண்டு எண் கேட்கிறது: இப்போது எத்தனை, அதிகபட்சம் எத்தனை. நான்கில் தொடங்கி பதினாறு வரை போகலாம் என்று சொல்லிவிட்டால், பதினாறுக்கும் வரைபடம் முன்கூட்டியே வரைந்துவிடப்படும். பன்னிரண்டு இடங்கள் காலியாக இருக்கும். பிற்பாடு நடப்பதெல்லாம் அந்தக் காலி இடங்களை நிரப்புவதுதான். பதினேழாவது ஒன்று வேண்டுமானால் நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும்.

நிரப்பும் சடங்கு வரிசையாக நடக்கிறது. நிர்வாக மென்பொருள், இந்த சாக்கெட்டில் இந்தக் கோரில் இந்தத் திரெட்டுக்கு ஒரு பிராசசர் வை என்று கியூஎமுவிடம் சொல்கிறது. கியூஎமு அந்த இடம் காலியா என்று பார்த்து, கேவிஎம்மிடமிருந்து ஒரு மெய்நிகர் பிராசசரைப் பெற்று அங்கே வைக்கிறது. உடனே உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு ஒரு இன்டரப்ட் போகிறது. இயங்குதளம் ஏசிபிஐ என்ற பொது விதிமுறைப்படி எழுதப்பட்ட ஒரு சிறு நிரலை ஓட்டி, எந்த இடத்தில் மாற்றம் என்று தேடிக் கண்டுபிடித்து, புதிய வரவைத் தன் பட்டியலில் சேர்க்கிறது. இத்தனைக்குப் பிறகும் அது வேலை தொடங்கியிருக்காது. லினக்ஸில் பட்டியலில் இருப்பது வேறு, பணியில் இருப்பது வேறு. பணியில் அமர்த்த அதற்குரிய கோப்பில் யாராவது 1 என்று எழுத வேண்டும். பல லினக்ஸ் வெளியீடுகளில் இது தானாக நடக்கும். நடக்காத இடத்தில், பிராசசர் சேர்த்தேனே, வேகம் கூடவில்லையே என்று நிர்வாகி தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பிராசசரை ஓட்டத்திலேயே சேர்க்கவும் எடுக்கவும் லினக்ஸ் கெர்னலைப் பழக்கிய வேலை 2000-களின் தொடக்கத்தில் நடந்தது. அந்தப் பகுதிக்கான கெர்னல் ஆவணத்தில் ஆஸ்திரேலியாவின் ரஸ்டி ரஸ்ஸலின் பெயருக்கு அடுத்து நிற்பது ஸ்ரீவத்ஸ வத்தகிரி. பெங்களூரில் ஐபிஎம்மின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றியவர். அன்று அதன் தேவை விலையுயர்ந்த பெரிய சர்வர்களுக்கு. இன்றோ பல லினக்ஸ் மடிக்கணினிகளை மூடித் தூங்க வைக்கும்போது, ஒரு பிராசசரைத் தவிர மற்றவற்றை விலக்குவது அதே வசதிதான்.

கியூஎமு பக்கத்திலும் பெங்களூரின் கை இருக்கிறது. ஐபிஎம்மின் பவர் வகைச் சர்வர்களில் ஓடும் மெய்நிகர் கணினிகளுக்கு பிராசசர் ஹாட்பிளக் எழுதியவர் அதே மையத்தைச் சேர்ந்த பாரத பி. ராவ். 2014-இல் முதல் வரைவை அனுப்பினார். 2016 செப்டம்பரில் வந்த 2.7 பதிப்பில் அது இடம்பெற்றது. நடுவில் இருந்த இரண்டு ஆண்டும் விமர்சனம், திருத்தம், மறுபடியும் அனுப்புதல். அவர் சந்தித்த கேள்வி அடிப்படையானது: சேர்க்கும் அலகு எது? இன்டெல் வகையில் ஒவ்வொரு திரெட்டாகச் சேர்க்கலாம். பவர் உலகின் விதிமுறை அதை அனுமதிக்காது. அங்கே ஒரு கோர் என்றால் அதன் எல்லாத் திரெட்களோடும் சேர்ந்துதான் வரும், போகும். பவர்8 சிப்பில் ஒரு கோருக்கு எட்டுத் திரெட்கள்.

அதுவரை கியூஎமுவில் இருந்த கட்டளை, இத்தனையாவது பிராசசரைச் சேர் என்று ஓர் எண்ணை மட்டும் வாங்கியது. 2013-இல் வந்த அந்தக் கட்டளைக்கு சாக்கெட்டும் தெரியாது, கோரும் தெரியாது. பவருக்காக எழுந்த கேள்வி எல்லா வகைச் சிப்புக்கும் பொதுவான விடையை நோக்கித் தள்ளியது. 2.7 பதிப்பிலேயே கியூஎமு நிரலாளர் இகோர் மம்மெடோவ் இன்டெல் வகைக்கும் புதிய முறையைக் கொண்டுவந்தார். எந்தெந்த இடம் காலி, அங்கே என்ன அலகு பொருந்தும் என்று கியூஎமுவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, டிஸ்க்கைச் சேர்ப்பதுபோலவே பிராசசரையும் ஒரு சாதனமாகச் சேர்க்கும் முறை அது. பழைய எண் கட்டளை 2020 டிசம்பரில் 5.2 பதிப்போடு விடைபெற்றது. வரைபடமும் ஹாட்பிளக்கும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பதைக் கியூஎமு திட்டம் முழுதாக ஒப்புக்கொண்டது இந்த மாற்றத்தில்தான் என்று சொல்லலாம்.

சேர்ப்பதைவிட எடுப்பது கடினம். சேர்க்கும்போது கியூஎமு கட்டளையிடுகிறது. எடுக்கும்போது கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும். அந்தப் பிராசசரில் ஓடும் நிரல்களை வேறிடம் நகர்த்தி, அதற்கு வரும் இன்டரப்ட்களைத் திசை திருப்பி, கடைசியில் விடுகிறேன் என்று இயங்குதளம் சொல்ல வேண்டும். ஒரு நிரல் அந்தப் பிராசசரை விட்டு நகர முடியாதபடி கட்டப்பட்டிருந்தால் சிக்கல். முதல் பிராசசரைப் பொதுவாக எடுக்கவே முடியாது. இயங்குதளம் சம்மதித்த பிறகும் இன்னொரு முடிச்சு இருந்தது. தான் உருவாக்கிய ஒரு மெய்நிகர் பிராசசரை மட்டும் தனியாக அழிக்கும் வழி கேவிஎம்மில் இல்லை. முழு மெய்நிகர் கணினியும் அணையும்போதுதான் அது போகும். எனவே விலக்கப்பட்ட பிராசசரை ஓர் ஓரத்தில் நிறுத்திவைத்து, அதே இடத்துக்கு மறுபடியும் கேட்டால் அதையே எடுத்துக் கொடுக்கும்படி கியூஎமுவில் எழுதினார்கள். கு ஜெங் என்பவர் எழுதிய அந்தத் திருத்தம் பாரத ராவின் தொகுப்போடு சேர்ந்து உள்ளே வந்தது.

செல்பேசிகளில் ஆளும் ஆர்ம் வகைச் சிப்புகளுக்கு இந்த வசதி வெகு தாமதமாகவே வந்தது. அங்கே இன்டரப்ட்களைப் பங்கிடும் உறுப்பு, எத்தனை பிராசசர் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்து அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. நடுவில் புதிதாக ஒன்று முளைக்கும் என்ற எண்ணமே அதன் வடிவமைப்பில் இல்லை. கடைசியில் எட்டிய சமரசம், எல்லாப் பிராசசர்களும் முதல் நாளிலிருந்தே இருப்பதாகச் சொல்லிவிட்டு, சிலவற்றுக்கு மட்டும் இப்போது அனுமதி இல்லை என்று குறிப்பது. 2024 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 6.11-இல் அதற்கான ஆதரவு சேர்ந்தது. கியூஎமு பக்கத்து வேலைக்கு நிரலாளர் சலில் மேத்தா 2020 முதலே வரைவுகளை அனுப்பிவந்தார்.

வரைபடத்துக்கும் ஹாட்பிளக்குக்கும் நேரடி மோதல் வந்த இடமும் உண்டு. விஎம்வேர் நிறுவனத்தின் விஸ்பியர் மென்பொருளின் முந்தைய பதிப்புகளில் ஹாட் ஆட் என்ற வசதியைத் திறந்துவைத்தால், எந்த நினைவகம் எந்தப் பிராசசருக்கு அருகில் என்ற விவரம் மெய்நிகர் கணினிக்குக் கிடைக்காமல் போகும். பெரிய டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இது வலிக்கும் இழப்பு. என்றாவது தேவைப்படும் என்று அந்த வசதியைத் திறந்துவைத்தவர்கள், தினமும் அதற்கு வேகத்தில் விலை கொடுத்தார்கள். விஸ்பியர் 8-இல்தான் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

கூடுதல் பிராசசர் வந்தாலும் மேலே ஓடும் நிரலுக்கு அது தெரிய வேண்டுமே? என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வரைத் தானாக எண்ணிக்கொள் என்று அமைத்தால், தொடங்கும்போது எத்தனை பிராசசர் இருக்கிறதோ அத்தனை வேலையாட்களை உருவாக்கும். நான்கோடு தொடங்கியது, பிராசசர் எட்டானாலும் நான்கு வேலையாட்களோடுதான் ஓடும், அதை மறுபடி தொடங்கும் வரை. ஜாவா நிரல்களிலும் பல பொதுத் தொகுப்புகள் தொடக்கத்தில் எண்ணியதையே வைத்துக்கொள்கின்றன. இ-பாஸ் மாதிரியான தளத்தில் முன்வாசலில் நிற்கும் வெப் சர்வர்களுக்கு ஹாட்பிளக்கைவிட, புதிதாக இன்னும் சில மெய்நிகர் கணினிகளைத் தொடங்கிப் பாரத்தைப் பிரிப்பதே எளிது. நாள் ஒன்றுக்கு இத்தனை வாகனம் என்ற எண்ணிக்கையை ஒரே இடத்தில் பிசகாமல் காக்க வேண்டிய டேட்டாபேஸை அப்படிச் சுலபமாகப் பிரிக்க முடியாது. அங்கேதான் ஓடும்போதே பிராசசர் சேர்க்கும் வசதிக்கு மதிப்பு.

பாதுகாப்புக் கணக்கும் இந்த வரைபடத்தில் அடங்கியிருக்கிறது. 2018 ஆகஸ்டில் வெளியான எல்1டிஎஃப் என்ற இன்டெல் பிராசசர் குறைபாடு, ஒரே கோரின் இரு திரெட்களில் வெவ்வேறு ஆட்களின் மெய்நிகர் கணினிகள் ஓடினால் ஒன்றின் ரகசியத்தை மற்றது பார்க்க வாய்ப்பு உண்டு என்று காட்டியது. ஒரு கோரை ஒரே சமயத்தில் ஒருவருக்கு மட்டும் தரும் முறை 2021-இல் லினக்ஸ் 5.14-இல் வந்தது. உள்ளே காட்டும் வரைபடம் வெளியே உள்ள நிஜத்தோடு ஒத்துப்போனால்தான் இதிலும் பலன். மெய்நிகர் பிராசசர்களைக் குறிப்பிட்ட நிஜக் கோர்களில் கட்டிப் போடாவிட்டால், இவை இரண்டும் ஒரே கோர் என்று உள்ளே சொல்வதற்கு வெளியே பொருள் எதுவும் இருக்காது.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. கொடைக்கானலில் 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி, நான்கு கோர் மடிக்கணினியில் லினக்ஸும் கியூஎமுவும் வைத்திருந்தால் போதும். இரண்டு சாக்கெட், சாக்கெட்டுக்கு மூன்று கோர், ஆறு வரை போகலாம், இப்போதைக்கு மூன்று என்று ஒரு மெய்நிகர் கணினியைத் தொடங்கலாம். பிறகு மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, உள்ளே பிராசசர் விவரக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பிராசசரின் முகவரியான ஏபிக் எண்களைப் படிக்கலாம். 0, 1, 2 என்று வந்த வரிசை அடுத்து 4, 5, 6 என்று போகும். மூன்று காணாது. சாக்கெட்டுக்குள் கோரின் இடத்தை எழுத இரண்டு பிட் ஒதுக்குகிறார்கள், இரண்டு பிட்டில் நான்கு இடம் உண்டு, கோர்களோ மூன்று. நான்காவது இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த சாக்கெட்டின் எண் தொடங்குகிறது. நிஜச் சிப்புகளும் எண்ணிடுவது இதே முறையில்தான்.